"கட்டுப்பாட்டை இழந்து" என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழை வந்தால் உங்கள் பத்திரிகையில் மட்டுமல்ல, எல்லாப் பத்திரிகையிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. "பலத்த மழையில் சென்றுகொண்டிருந்த பிக்கப் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து தாறுமாறாக ஓடி..." அதற்குப் பிறகு ஒரு மரமோ தடுப்புச்சுவரோ எதிரே வந்த காரோ இருக்கும், அடுத்த வரியில் மருத்துவமனை, செய்தி முடிந்தது. இருபது வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறவன் நான். கட்டுப்பாடு என்ன சாவிக்கொத்தா, வழியில் எங்கோ விழுந்து தொலைவதற்கு? அது எப்படிப் போனது, எப்போது போனது என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதினால் அடுத்த நாள் மழையில் வண்டி எடுக்கப்போகிற நாலு பேராவது தங்கள் டயரைக் குனிந்து பார்ப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை வலுத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், வேகம் 85, முன்னால் வண்டி எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகிற அவசரம் வேறு. பக்கத்தில் லோடு இறக்க வந்த தம்பி உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் கையில் கெட்டியாகத்தான் இருந்தது, அதுதான் இன்றைக்கும் மனதை அரிக்கிறது, முன்பக்கம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் ஒரு கணம் எகிறி இறங்கியது, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நீண்ட வளைவு முடிந்து ரோடு எதிர்ப்பக்கம் திரும்புகிற இடத்தில் "அண்ணே, பின்னால இழுக்குதுண்ணே" என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் எங்களையே முந்திக்கொண்டு போகப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான், பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஒன்றரைச் சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி ஓரத்துச் சேற்றில் போய் நின்றோம். பின்கதவு வளைந்ததோடு போயிற்று. எதிரே யாரும் வரவில்லை, பிழைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம், என் திறமை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. யாருக்கும் காயமில்லாததால் செய்தியாகவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதே வாக்கியம்தான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. கட்டுப்பாடு அந்த வளைவில் போகவில்லை, இரண்டு மாதத்துக்கு முன்பு டயர் மாற்றிய அன்றைக்கே போய்விட்டது. அதற்கு வருகிறேன், அதற்கு முன் டயர் தண்ணீரில் மிதப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இதைச் சாதாரண வழுக்கலோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெயில் காலம் முழுக்க ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து வழுக்குமே, அது வேறு. அங்கே டயர் வழுக்கினாலும் ரோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. டயர் தண்ணீரில் மிதப்பதை ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள், அதில் டயர் ரோட்டைத் தொடுவதே இல்லை.

கணக்கு எளிது. 245 மில்லிமீட்டர் அகல டயர், ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், வேகம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது வண்டி. அப்படியானால் ஒவ்வொரு டயரும் ஒவ்வொரு வினாடியும் கிட்டத்தட்ட 16 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும், ஒரு குடத்துக்குச் சமம். டயரில் இருக்கும் பள்ளங்களுக்கு, பட்டன் என்று நாம் சொல்கிறோமே அதற்கு, இதுதான் வேலை. பட்டன் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக இடமில்லை. டயருக்கு முன்னால் குவிந்து, ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து, டயரை அப்படியே தூக்கிவிடும். தூக்கிய பிறகு ஸ்டியரிங் திருப்பினாலும் பிரேக் மிதித்தாலும் கேட்பதற்குக் கீழே ரோடு இல்லை. இந்தத் தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 100-இல் போகிறவர் 70-க்கு இறங்கினால் வேகம் முப்பது சதவீதம்தான் குறைகிறது, ஆனால் டயரைத் தூக்கும் விசை பாதியாகிவிடுகிறது. "மழையில் மெதுவாகச் செல்லவும்" என்று போர்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதினால் போர்டைக் கொஞ்சம் மதிப்போம்.

1963-இல் அமெரிக்காவின் நாசாவில் வால்ட்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் என்ற இருவர் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். மழை நீர் தேங்கிய ஓடுபாதையில் விமானம் இறங்கும்போது சக்கரம் மிதப்பதுதான் அவர்கள் பிரச்சினை. அதில் வந்த சூத்திரத்தை நம் அளவுக்கு மாற்றினால், டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் டயர் முழுசாக மிதக்கும் என்று வரும். 36 பிஎஸ்ஐ என்றால் 6 பெருக்கல் 16.7, சுமார் 100. 25 பிஎஸ்ஐ என்றால் 5 பெருக்கல் 16.7, சுமார் 83. மொட்டை டயருக்கும், பட்டனின் ஆழத்தைத் தாண்டித் தண்ணீர் நிற்கும் இடத்துக்கும்தான் இது பொருந்தும், நல்ல பட்டன் இருந்து தண்ணீரும் கம்மியாக இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். ஆனாலும் காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது இல்லையா? காலி வண்டி தூக்கிப் போடுகிறது, குலுங்குகிறது என்று பின் டயரில் காற்றை இஷ்டத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டுகிறோமே, நானும் செய்தவன்தான், அந்தச் சொகுசுக்கு மழையில் என்ன விலை என்று அப்போது தெரியாது. அதற்காக டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்து அடித்துவிடாதீர்கள், அது டயரின் எல்லை. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். டயர் சூடாவதற்கு முன்பு, காலையில் வண்டி எடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

சரி, பிக்கப்புக்கு என்ன தனிச் சங்கதி? வண்டி உயரம், பார்க்கக் கனமாக இருக்கிறது, சீட்டில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்துக் கார்களின் கூரை தெரிகிறது, தண்ணீர் எங்கேயோ கீழே கிடக்கிறது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. எஞ்சினும் கேபினும் மனிதர்களும் முன்னால், பின்னால் வெறும் தகரத் தொட்டி. ஸ்பிரிங் முழு லோடுக்கு ஏற்றபடி விறைப்பாகச் செய்யப்பட்டது, காலியாகப் போகும்போது சின்ன மேட்டுக்கும் பின்பக்கம் துள்ளும். பெரும்பாலான பிக்கப்பில் எஞ்சின் இழுவையும் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. ஆக, எந்தச் சக்கரத்தின் மேல் பாரமே இல்லையோ அதைத்தான் வண்டியைத் தள்ளச் சொல்கிறோம். பாரம் குறைந்தால் டயர் தரையில் பதியும் தடத்தின் நீளம் குறைகிறது, தண்ணீரை வெளியேற்றக் கிடைக்கும் நேரமும் அதோடு குறைகிறது. 1980-களில் இதே ஹார்ன் லாரி டயர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது காலி லாரிகள் எதிர்பார்த்ததை விடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கக்கூடும் என்று காட்டினார். லோடு வண்டி ஓட்டுகிறவன் லோடு இருக்கும்போது பயந்து ஓட்டுகிறான், இறக்கிவிட்டால் அப்பாடா என்று மிதிக்கிறான். மழையில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இப்போது அந்த டயர் விஷயம். நாலில் இரண்டுதான் மாற்றக் காசிருந்தது. ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, பிரேக்கும் முன்னால்தானே அதிகம் பிடிக்கிறது என்று புது டயர் இரண்டையும் முன்னால் போட்டேன். கடைக்காரரும் "முன்னாடிதாண்ணே போடணும்" என்றார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊர் உலகமே அப்படித்தான் நினைக்கிறது. டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: இரண்டு மட்டும் மாற்றினால் புதியது பின்னால் போக வேண்டும். காரணம் இதுதான். முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி நேராகப் போகும், பயமாக இருக்கும், தானாகக் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும், வேகம் குறைந்து டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். அதாவது எச்சரிக்கை கையில் வந்து சேர்கிறது. பின் டயர் மிதந்தால் கைக்குச் சேதியே வராது. முன்னால் புது டயர் ரோட்டைக் கவ்விக்கொண்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், தெரியவரும்போது வண்டி பம்பரம் ஆகியிருக்கும். நான் போட்ட புது டயர்தான் என்னை ஏமாற்றியது. எகிறிய எஞ்சின் சத்தம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தந்தி, பின் சக்கரம் பிடிப்பு விட்டுச் சும்மா சுழன்றதால் வந்த சத்தம் அது.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை ஓட்டக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டம், பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு ஒன்று இருக்கும், பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அது சட்டத்தின் கணக்கு, தண்ணீரின் கணக்கு வேறு. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மழைக்கு ஆகாது என்று நான் எடுத்துவிடுகிறேன். அப்புறம், அகலமான டயர் போட்டால் பிடிப்பு ஜாஸ்தி என்று மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. சேற்றுக்கான பெரிய கட்டை வைத்த டயர்களும் பார்க்கத்தான் முரடு, நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது சாதாரண ரோடு டயர் அளவுக்கு அவை நிற்பதில்லை. நான்கு சக்கர இழுவை இருக்கிறது, எனக்கென்ன என்பவர்களும் உண்டு. நாலு டயரும் மிதக்கும்போது நாலுக்கும் இழுவை கொடுத்து என்ன பிரயோசனம்? அது வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. லீவர் போட்டு மாற்றுகிற வகை என்றால் தார் ரோட்டில் அதைப் போடவே கூடாது என்று பல வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது.

பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். போடலாம், பின் அச்சுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி. அச்சுக்குப் பின்னால் தள்ளிப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். கட்டாமல் போட்டால் பிரேக் பிடிக்கும்போது கேபினைத் தேடி வரும். நான் போடுவதில்லை, வேகத்தைக் குறைப்பது அதை விடச் சுலபம், செலவும் இல்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை மட்டும் மறக்காமல் குத்திவிடுகிறேன். இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மழை தங்கினாலே 37 லிட்டர், அது வளைவில் ஒரு பக்கமாக ஓடும். தார்ப்பாய் தொய்ந்து குளம் கட்டினாலும் இதே கதைதான்.

ரோட்டையும் கொஞ்சம் படிக்கத் தெரிய வேண்டும். கனரக வண்டிகள் ஓடி ஓடிச் சக்கரத் தடத்தில் ரோடு அமுங்கியிருக்கும், இரண்டு வாய்க்கால் மாதிரி, மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் நிற்கும், நாமும் பழக்கத்தில் சரியாக அதிலேயே போவோம். அந்த மாதிரி இடத்தில் லேனுக்குள்ளேயே ஒரு முழம் தள்ளி ஓட்டினால் போதும். தடம் அமுங்காத நல்ல ரோடு என்றால் முன்னால் போகிற வண்டியின் டயர் தடத்திலேயே போவது நல்லது, அது கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். அந்தத் தடம் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று பாருங்கள். பட்டென்று மூடிக்கொண்டால் தண்ணீர் அதிகம். மழைத்துளி ரோட்டில் விழுந்து குமிழி குமிழியாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. இன்னொரு இடம் உண்டு, எனக்குப் பாடம் சொன்ன இடம். ஒரு பக்கம் வளைந்து உடனே மறுபக்கம் வளையும் ரோட்டில், சாய்வும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற வேண்டும். மாறும் நடு இடத்தில் கொஞ்ச தூரம் ரோடு தட்டையாகிவிடுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பரந்து நிற்கும். வளைவு முடிந்தது என்று நாம் ஆக்சிலேட்டர் கொடுக்கும் இடமும் அதுதான்.

மிதந்துவிட்டால் என்ன செய்வது? செய்வதற்கு அதிகம் இல்லை, செய்யாமல் இருப்பதுதான் அதிகம். காலை ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும், வெடுக்கென்று எடுத்தால் எஞ்சினே பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அதே காரணத்துக்காகக் கியரை இறக்கக் கூடாது, எஞ்சின் புகையை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் மழை தொடங்கியதுமே அணைத்துவிட வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மிதக்கும்போது பதறி ஒரு பக்கம் ஒடித்து வைத்திருந்தால், டயர் ரோட்டைத் தொட்ட நொடியில் வண்டி அந்தப் பக்கம் பாயும், பல வண்டிகள் கவிழ்வது அப்படித்தான். பின்பக்கம் விலகிவிட்டது என்றால் எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்து அந்தப் பக்கமே லேசாகத் திருப்ப வேண்டும், வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பது, நான் செய்தேனே, அதைச் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் அது இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலும் மழையில் வேண்டாம், தண்ணீரில் மோதி வண்டி தயங்கும்போது அது இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுக்கும், கொடுக்கவே கூடாத நேரத்தில்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனி இப்படி ஒரு விபத்துச் செய்தி வந்தால் நிருபரிடம் சொல்லி மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். வண்டியில் லோடு இருந்ததா, காலியா? பின் டயரில் பட்டன் இருந்ததா? அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றதா, நின்றால் ஓரத்து மண்மேடு அதை வடிய விடாமல் தடுத்ததா? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஓட்டுநர் மேல் மட்டும் பழி விழாது, ரோட்டைப் பராமரிக்க வேண்டியவர்களும் அந்தச் செய்தியில் வருவார்கள்.

கடிதத்தை இடமில்லாமல் வெட்ட வேண்டி வந்தால் நாசா, சூத்திரம், என் ஒன்றரைச் சுற்று, எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். புது டயர் பின்னால் போக வேண்டும் என்ற பகுதியை மட்டும் வெட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன், ஒரு பிக்கப் ஓட்டுநர்